சராசரி மறைக்கும் சர்க்கரை

'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் ஐம்பது, அறுபது அளவுகளை ஒரே அறிக்கையில் தரும் ஆய்வகங்கள் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. தடித்த எழுத்தில் அச்சான எண்ணைக் கண்டு அஞ்சுவதும், அப்படியொன்று இல்லையெனில் நிம்மதி அடைவதும் நம் வழக்கமாகிவிட்டது. அந்த எண்கள் எவ்வாறு உருவாகின்றன, எங்கே தவறக்கூடும் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரின் வாழ்வைத் தீர்மானிக்கும் அளவீடுகளைப் புரிந்துகொள்வது மருத்துவர்களின் வேலை மட்டுமன்று.

நாற்பதாண்டுக் காலம் வறுமைக் கோட்டையும் தனிநபர் வருமானத்தையும் வகுப்பில் விளக்கியவன் என்ற முறையில், ரத்தப் பரிசோதனை அறிக்கை எனக்குப் பழகிய ஆவணமாகவே தோன்றுகிறது. அதிலும் எல்லைக் கோடுகள் உண்டு, சராசரிகள் உண்டு. இரண்டும் தமக்குரிய குறைகளுடன் இருக்கின்றன.

முதலில் எல்லைக் கோடு. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்கிறோம். 1997 வரை அந்தக் கோடு 140-ஆக இருந்தது. அமெரிக்க நீரிழிவு சங்கம் அந்த ஆண்டு அதைக் குறைத்தபோது, ஒருவரின் உடலிலும் எந்த மாற்றமும் நிகழாமலேயே பலர் நோயாளிகளாயினர். நோயை விரைவில் கண்டறிய அம்மாற்றம் தேவைப்பட்டது, அதில் பிழையில்லை. ஆயினும் 125-க்கும் 127-க்கும் இடையே இயற்கை எந்த மதிலையும் எழுப்பவில்லை. வறுமைக் கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே இருப்பவர் செல்வந்தராகிவிடாததைப் போன்றதே இதுவும்.

அடுத்து சராசரி. 'மூன்று மாத சர்க்கரை' என்று மக்கள் அழைக்கும் எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள் என்பதால், அந்தக் காலத்தின் சராசரியை அது காட்டுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரியாக ஏறத்தாழ 154 மில்லி கிராம். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு.

ஆனால், நாள் முழுவதும் சீராக இருக்கும் ஒருவரும், காலையில் 60-க்கு இறங்கி உணவுக்குப் பின் 300-ஐத் தொடும் ஒருவரும் ஒரே சராசரியைப் பெறலாம். தனிநபர் வருமானம் ஏற்றத்தாழ்வை மறைப்பதைப் போலவே, இந்தச் சராசரி தாழ்சர்க்கரையின் ஆபத்தை மறைத்துவிடும்.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சி அளவை உண்மைக்கு மாறாக உயர்த்திக் காட்டக்கூடும்; சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களும், அண்மையில் ஏற்பட்ட ரத்த இழப்பும் அதைக் குறைத்துக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் அளவைப் பாராமல் இந்த எண்ணை மட்டும் நம்பினால், நோயற்றவர் நோயாளியாகவும் நோயாளி நலமுடையவராகவும் கருதப்படும் வாய்ப்பு உண்டு.

அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாகப் பயன்படும் தகுதியை இழக்கும் என்பது, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. மருத்துவம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோய் அபாயம் மிகுந்த 10,251 நீரிழிவாளர்களிடம் 'அக்கார்ட்' ஆய்வு நடந்தது. எச்பிஏ1சி-யை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் 257 பேரும், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 203 பேரும் இறந்தனர். 2008-ஆம் ஆண்டில் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. எண் அழகாகக் குறைந்தது, உயிர்கள் காக்கப்படவில்லை.

'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் கதையும் அத்தகையதே. அதைப் பெருமளவு உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடுதலானதால், 2006 டிசம்பரில் அதன் சோதனை கைவிடப்பட்டது. குறியீடு நோயுடன் சேர்ந்து வருவதாலேயே நோய்க்குக் காரணமாகிவிடாது.

எனினும், இவற்றைக் காட்டிப் பரிசோதனைகளைப் புறக்கணிப்பதோ, மருந்தைத் தாமாக நிறுத்துவதோ பெருந்தவறு. எல்டிஎல் கொழுப்பைக் குறைப்பது உயிர் காக்கும் என்பதை 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு நிறுவியது. சர்க்கரைக் கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பதை 1993, 1998 ஆண்டுகளின் ஆய்வுகள் மெய்ப்பித்தன. எந்த எண்ணை, யாருக்கு, எவ்வளவு குறைப்பது என்பதே கேள்வி. முப்பது வயதுக்காரருக்குப் பொருந்தும் இலக்கு, பல நோய்களுடன் வாழும் எண்பது வயது முதியவருக்குப் பொருந்தாது.

எனவே, எச்பிஏ1சி அறிக்கையுடன் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துத் தருவதை ஆய்வகங்களின் நடைமுறையாக்க வேண்டும். ஐயம் எழுந்தால் வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் சர்க்கரையை அளந்து ஒப்பிட வேண்டும். 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடி மாத்திரை தருகிறது. அந்த வீட்டிலேயே அறிக்கையை விளக்கிச் சொல்லும் பயிற்சியையும் களப்பணியாளர்களுக்கு அளிக்கலாம்.

அறுபது எண்களை விலைக்கு வாங்குவது எளிது. அவற்றில் நமக்குத் தேவையான நான்கைந்தை, நம் வயதும் உடல்நிலையும் அறிந்த ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும். அந்த வாய்ப்பு எளியோருக்கும் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு.