ஈரடிப்பு எந்திர எரிபொருள் சேர்க்கைகள்

டூ ஸ்ட்ரோக் எனப்படும் ஈரடிப்பு எந்திரங்களில் பெட்ரோலுடன் சிறிதளவு கலக்கப்படும் பொருள்கள் எரிபொருள் சேர்க்கைகள் எனப்படுகின்றன. விசைத்தெளிப்பான், புதர் வெட்டும் கருவி, மரம் அறுக்கும் சங்கிலி வாள், பழைய மொபெட் ஆகியவற்றில் இவ்வகைச் சிறிய எந்திரங்கள் உள்ளன. சேர்க்கைகளுள் இவற்றுக்கு இன்றியமையாதது 2டி ஆயில் எனப்படும் மசகெண்ணெய் ஆகும். ஏனையவை தேவையைப் பொறுத்தவை.

எண்ணெய் கலப்பதன் காரணம்

நான்கடிப்பு எந்திரத்தில் மசகெண்ணெய் தனியே தேக்கி வைக்கப்படுகிறது. ஈரடிப்பு எந்திரத்திலோ பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குச் செல்கின்றன. அங்கு எண்ணெயைத் தேக்க இயலாது. பெட்ரோலில் கரைந்து வரும் எண்ணெயே பேரிங்குகளிலும் பிஸ்டனிலும் படிந்து உராய்வைக் குறைக்கிறது. எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி, சிலிண்டரில் இறுகிவிடும்.

கலவை விகிதம்

விகிதம் 50:1 எனில் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் தேவை. 25:1 எனில் 40 மில்லிலிட்டர். எந்த விகிதம் என்பதைக் கருவியின் கையேடே கூறும். எண்ணெய் கூடினால் நல்லது என்று கருதுவது தவறு. கூடுதல் எண்ணெய் புகையைப் பெருக்கி, ஸ்பார்க் பிளக்கிலும் புகைபோக்கும் துளையிலும் கரியைப் படியச் செய்யும். நான்கடிப்பு எந்திர எண்ணெயையும் கலக்கக் கூடாது. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகப் படியும்.

பிற சேர்க்கைகள்

* நிலைப்படுத்தி: பெட்ரோல் நாள்பட்டால் பிசின் போன்ற படிவு உண்டாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். நிலைப்படுத்தி இதைத் தாமதப்படுத்தும். புதிய பெட்ரோலில்தான் இதைச் சேர்க்க வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலை இது மீட்காது.
* துப்புரவுச் சேர்க்கை: கார்புரேட்டரிலும் எரியறையிலும் உள்ள படிவுகளைக் குறைக்க உதவும்.
* ஆக்டேன் உயர்த்தி: கையேடு கூறும் ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலை ஊற்றினால் இது தேவையில்லை, திறனும் கூடாது.

எத்தனாலும் நீரும்

இந்தியாவில் தற்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். மசகெண்ணெயோ மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்தே உறிஞ்சப்படுவதால், எண்ணெய் சரியாகக் கலந்திருந்தும் எந்திரம் எண்ணெயின்றி ஓட நேரிடும். இவ்வாறு பிரிந்த கலவையைச் சேர்க்கை ஊற்றிச் சரிசெய்ய முயலாமல், எந்திரத்தில் பயன்படுத்துவதையே தவிர்க்க வேண்டும்.

எனவே ஈரமில்லாத, இறுக மூடும் கலனில் தேவைக்கேற்பச் சிறிதளவே கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊற்றுமுன் கலனை நன்றாகக் குலுக்க வேண்டும். பருவம் முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.