நிதானம் தப்பியபின் சொல்லும் ‘சரி’ சம்மதம் ஆகாது

2015 ஜனவரியில் ஓர் இரவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் இருவர், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் மேல் கிடப்பதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணிடம் அசைவே இல்லை. அதட்டியதும் அவன் ஓடினான். துரத்திப் பிடித்து, போலீஸ் வரும்வரை விடாமல் வைத்திருந்தார்கள். சானல் மில்லர் என்ற அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனையில்தான் நினைவு திரும்பியது. அன்று ஒரே விருந்தில் இருவருமே குடித்திருந்தார்கள். ‘அவள் சம்மதித்தாள்’ என்றான் அவன். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 2016-ல் மூன்று குற்றங்கள் உறுதியாயின. ஆறு மாதச் சிறை மட்டும் விதித்த நீதிபதியை, 2018-ல் மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

‘அவள் சம்மதித்தாள்’ என்ற அந்த வாதம் நம் ஊரிலும் புழக்கத்தில் இருப்பதுதான்.

தைரியம் எங்கிருந்து வருகிறது?

பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று பள்ளிக்காலம் முழுக்கப் பிரித்து உட்காரவைக்கிறோம். பிறகு கல்லூரியிலும் வேலையிலும் ஒரே நாளில் சேர்த்துவிடுகிறோம். பிடித்திருக்கிறது என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. வேண்டாம் என்று கேட்டால் தாங்க மனம் பழகவில்லை. ‘ரெண்டு ரவுண்டு போடு மச்சி, தானா தைரியம் வரும்’ என்று நண்பன் உசுப்பேற்றுவது இந்த இடத்தில்தான்.

வருவது தைரியம் அல்ல. பின்விளைவை யோசித்து நம்மை நிறுத்துவது மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிரவே ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிவிடும். மது அதைத்தான் மந்தமாக்குகிறது. போதையில் இருப்பவருக்குத் தன் ஆசை பெரிதாகத் தெரியும்; எதிரில் இருப்பவரின் தயக்கமும் விலகலும் கண்ணில் படாது. சிரித்துப் பேசியதே அழைப்பாகத் தோன்றிவிடும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. வேகவேகமாகக் குடிக்கும்போது, நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. ‘பிளாக்-அவுட்’ என்பது இதுதான். அப்போதும் அவர் நடப்பார், பேசுவார், ஆடுவார், ‘சரி’ என்றுகூடச் சொல்வார். மறுநாள் காலையில் எதுவும் நினைவிருக்காது. பதிவானால்தானே நினைவுக்கு வரும்? ‘மட்டையாகவில்லையே, நன்றாகத்தானே நின்றாள்’ என்ற கணக்கு இங்கே தப்பாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

என்ன நடக்கிறது, அதன் விளைவு என்ன என்று புரியாத அளவு போதையில் ஒரு பெண் கொடுக்கும் சம்மதம், சம்மதமே அல்ல. அப்படிப்பட்ட சம்மதத்தின் பேரில் கொள்ளும் உறவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு பாலியல் வன்கொடுமை என்கிறது. தண்டனை பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் என்றும் கொள்ள முடியாது. ‘நானும் போதையில் இருந்தேன்’ என்பதும் எடுபடாது. விரும்பிக் குடித்தவருக்குச் சட்டம் சலுகை தருவதில்லை.

அப்படி ஒரு வன்கொடுமை நடந்துவிட்டால் முதல் 72 மணி நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பெண்கள் உதவி எண் 181. ‘நீ ஏன் குடித்தாய்?’ என்ற கேள்வியைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். குடித்தது அவர் உடலுக்குக் கேடாக இருக்கலாம். அது இன்னொருவருக்குக் கொடுத்த அனுமதி ஆகாது.

தம்பிகளே, தங்கைகளே, ஒருவரைப் பிடித்திருந்தால் நிதானமாக இருக்கும்போது கேளுங்கள். அவரும் நிதானமாக இருக்கும்போது பதில் சொல்லட்டும். அவர் நிதானத்தில் இருக்கிறாரா என்று சந்தேகம் வந்தால் அவரைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். விருப்பம் உண்மையானால் அது மறுநாளும் இருக்கும்.