ஒரே படம், இரண்டு மொழித் தலைப்பு

1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் சிறுவர் இதழ்களாக வெளிவரத் தொடங்கின. தொடங்கியவர்கள் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர், திருப்பதிப் பக்கத்தில், பிள்ளைகள் கையில் இருந்த இதழின் மொழி வேறாக இருக்கலாம். அட்டைப் படம் ஒன்றுதான்.

அந்த அட்டைகளில் பலவற்றை வரைந்தவர் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வட்டாதி பாபையா, சுருக்கமாக 'வ.பா.'. புராணக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். உடலின் வளைவு, ஆடையின் மடிப்பு, நகையின் மினுக்கம் எல்லாம் மென்மையாகக் கரைந்து நிற்கும். எம்.டி.வி. ஆச்சார்யாவின் மகாபாரத ஓவியங்களும் இந்த இதழின் பெருமை. அட்டையில் இதழின் பெயரைத் தவிர எழுத்து மிகக் குறைவு. கதையைப் படமே தொடங்கிவைத்தது.

ஆப்செட் அச்சு பரவியபின் வார இதழ்களின் முகப்பைச் சினிமா நட்சத்திரங்களின் புகைப்படங்கள் பிடித்தன. உள்ளே இருக்கும் கட்டுரைகளின் தலைப்புகளும் முகப்பில் ஏறின. ஆனால், திருமலை திருப்பதி தேவஸ்தானம் பல மொழிகளில் வெளியிடும் 'சப்தகிரி' மாத இதழின் அட்டையில் இன்றும் தெய்வ உருவமே முதன்மை.

2007இல் சந்தமாமாவை மும்பை நிறுவனம் ஒன்று வாங்கியது. சில ஆண்டுகளில் இதழ் நின்றுபோனது.

வீட்டில் பழைய இதழ்கள் இருந்தால், பைண்டு செய்யும்போது அட்டைகளைக் கிழித்துவிடாதீர்கள்.