இங்கிலாந்தில் ஒரு வீடு – 9
வங்கி ஏற்கும் வக்கீல்

விலை பேசி முடிந்தது, விற்பவரும் சம்மதித்துவிட்டார் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அன்று மாலையே எஸ்டேட் ஏஜென்ட் கேட்கும் கேள்வி, "உங்கள் சொலிசிட்டர் யார்?" பெரும்பாலோர் அந்த நேரத்தில் வாயில் வரும் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். மச்சானின் விசா வழக்கைப் பார்த்தவர், ஈஸ்ட்ஹாமில் தமிழ்ப் பெயர்ப்பலகை வைத்திருப்பவர், இல்லையென்றால் ஏஜென்டே கைகாட்டும் ஆள். கையெழுத்தும் போட்டு முன்பணமும் கட்டியாகிவிடும். கடன் தரும் வங்கி அந்த வக்கீலை ஏற்குமா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஹாரோவில் எனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத் தம்பதிக்கும் தோன்றவில்லை. கடன் ஒப்புதல் கடிதம் வந்த பிறகு ஒருநாள் அந்தத் தம்பி அழைத்தார். "அண்ணை, சொலிசிட்டர் இப்பதான் சொல்லுறார், அந்த பேங்கின்ர பேனல்ல தான் இல்லையாம். இனி என்ன செய்யிறது?" அதற்குள் நகராட்சி, தண்ணீர், வடிகால் என்று எல்லா சர்ச்சுக்கும், அதாவது சொத்து பற்றிய விவரத் தேடலுக்கும், பணம் போயிருந்தது. வங்கி தன் பங்குக்கு வேறொரு வக்கீலை நியமித்தது. அவருடைய கட்டணமும் இவர்கள் தலையில்தான் விழுந்தது. அதைவிடக் கொடுமை, ஒரே ஆவணத்தை இரண்டு அலுவலகங்கள் மாறி மாறிப் படித்து, ஒருவர் கேட்ட கேள்வியையே மற்றவரும் கேட்டு, வாரக்கணக்கில் இழுத்தடித்தது. விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்சேஞ்ச் என்னும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை வாங்குபவரையோ விற்பவரையோ எதுவும் கட்டுப்படுத்தாது.

வங்கி ஏன் இவ்வளவு கறார் காட்டுகிறது? பணம் போகும் வழியைப் பார்த்தால் புரியும். கடன் தொகை உங்கள் கணக்குக்கு வருவதில்லை. கம்ப்ளீஷன் என்னும் வீடு கைமாறும் நாளில் அது வக்கீலின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போய், அங்கிருந்து விற்பவரின் வக்கீலுக்குப் போகிறது. லட்சக்கணக்கான பவுண்டை, 'இந்தச் சொத்தில் வில்லங்கம் இல்லை' என்று வக்கீல் கொடுக்கும் ஒரு சான்றை நம்பித்தான் வங்கி அனுப்புகிறது. முத்திரை வரிக் கணக்கை 14 நாளுக்குள் தாக்கல் செய்து வரியைக் கட்டுவதும், நிலப் பதிவகத்தில் உங்கள் பெயரோடு வங்கியின் அடமானத்தையும் பதிவு செய்வதும் அவர் பொறுப்பே. அவர் கோட்டை விட்டால் வங்கியின் கையில் பிடிமானம் எதுவும் இராது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பழைய கடன்களைத் தோண்டிய வங்கிகள், வக்கீல்களும் உடந்தையாயிருந்த மோசடிகளைக் கண்டு, தாங்கள் ஏற்கும் வக்கீல்களின் பட்டியலை இறுக்கத் தொடங்கின. எச்எஸ்பிசி வங்கி 2012-இல் தன் பட்டியலை 43 நிறுவனங்களாகச் சுருக்கியது. எதிர்ப்பு வலுத்த பின் தளர்த்தியது.

அந்தப் பட்டியலைத்தான் பேனல் என்கிறார்கள். பேனலில் இருப்பவர் சொலிசிட்டராகவும் இருக்கலாம், சொத்துக் கைமாற்று வேலைக்கென உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சராகவும் இருக்கலாம். ஒரே ஒரு வக்கீல் நடத்தும் அலுவலகங்களைப் பல வங்கிகள் சேர்ப்பதில்லை. வீட்டு வேலையை எப்போதாவது மட்டும் செய்பவர்களையும் கழித்துவிடுகின்றன. லா சொசைட்டியின் தரச் சான்றான சிகியூஎஸ் வேண்டும் என்று கேட்கும் வங்கிகள் நிறைய. நம்மவர்கள் நம்பிக்கையோடு போகும் சிறிய தமிழ் அலுவலகங்கள் அடிபடுவது இங்கேதான். குடிவரவு வழக்கில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவரைப் பேனலில் சேர்க்காது.

சென்னையில் கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அங்கே வங்கியின் பேனல் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றெல்லாம் பார்த்து வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதுவார். கட்டணம் நம்முடையதென்றாலும் அவர் வங்கியின் ஆள் என்பது தெளிவு. இங்கிலாந்தில் வழக்கமாக ஒரே வக்கீல் உங்களுக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறார். செலவு மிச்சம், வேகமும் கூடும். ஆனால் அவருக்குக் கட்சிக்காரர் இருவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

1990-களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஒரு பிளாட்டின் விலை 2,20,000 பவுண்டு என்று காட்டிக் கடன் கேட்கப்பட்டது. அதை விற்பவரோ அதே பிளாட்டை 1,50,000 பவுண்டுக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த வக்கீல் வாங்குபவரிடம் சொன்னார், கடன் கொடுத்தவரிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. வங்கித் துறைக் கூட்டமைப்பான யுகே ஃபைனான்ஸின் கையேடு இன்று வக்கீல் வங்கியிடம் என்னென்ன தெரிவிக்க வேண்டும் என்பதை விரிவாக வகுத்திருக்கிறது. முதல் பகுதி எல்லா வங்கிக்கும் பொது, இரண்டாம் பகுதி ஒவ்வொரு வங்கிக்கும் தனி.

இது நம் வீடுகளைத் தொடும் இடம், வீட்டு விலைக்கு நாம் போடும் முன்பணம். அப்பா ஊரில் காணி விற்று அனுப்பிய காசு, அக்கா கொடுத்தது, சீட்டு எடுத்தது என்று நாலு கையிலிருந்து சேரும் பணம் அது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று வக்கீல் கேட்பார். பணமோசடித் தடுப்பு விதிகள் அவரைக் கேட்க வைக்கின்றன. அக்காவின் பணம் அன்பளிப்பு, வீட்டில் அவருக்குப் பங்கு இல்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். "இதை பேங்குக்குச் சொல்ல வேண்டாம்" என்று வக்கீலிடம் கிசுகிசுப்பதில் பயனில்லை. உங்கள் சம்மதமில்லாமல் அவர் சொல்ல மாட்டார்தான். ஆனால் நீங்கள் மறுத்தால் வங்கியின் வேலையிலிருந்து விலகிவிடுவார், கடனும் அங்கேயே நிற்கும். அக்காவின் பணம் உண்மையில் கைமாற்றுக் கடன் என்றால், அதை அன்பளிப்பென்று எழுதிக் கையெழுத்து வாங்குவது மோசடி. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை.

பேனலில் இருப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. அது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பு. நீங்கள் அழைத்தால் போனை எடுப்பாரா, லீஸ்ஹோல்ட் பிளாட்டில் குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு மிச்சம், நில வாடகை எப்படி ஏறும், லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு வந்த வெளிச்சுவர்ப் பாதுகாப்புச் சிக்கல்கள் உண்டா என்று பொறுமையாக விளக்குவாரா என்பதைப் பட்டியல் சொல்லாது. பேனலிலேயே தொழிற்சாலை போல நூற்றுக்கணக்கான கோப்புகளை ஓட்டும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஏஜென்ட் கைகாட்டும் நிறுவனம் அவருக்குப் பரிந்துரைக் கட்டணம் தருகிறதா என்று கேளுங்கள். சொலிசிட்டர்கள் அதைக் கட்சிக்காரரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஏஜென்ட் விற்பவரின் ஆள். அவர் சொல்பவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஆகவே ஏஜென்ட் கேட்கும் முன்பே இரண்டு மூன்று பெயர்களைக் கையில் வைத்திருங்கள். கட்டண விவரம் 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர்களின் இணையதளங்களில் இருந்தாக வேண்டும், ஒப்பிடுவது எளிது. வங்கி முடிவானதும் வங்கியின் பெயரைச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள், வக்கீலின் பெயரையும் கிளையையும் சொல்லி வங்கியிடமோ மார்ட்கேஜ் புரோக்கரிடமோ கேளுங்கள். பல வங்கிகளின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கவும் முடியும். "நாங்கள் எல்லா பேனலிலும் இருக்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வட்டி ஏறியதாலோ வேறு காரணத்தாலோ நடுவில் வங்கியை மாற்றினால், புது வங்கிக்கு விண்ணப்பம் போடும் முன் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் வரும்வரை யாருக்கும் சர்ச் கட்டணம் கட்ட வேண்டாம்.

(தொடரும்)