எத்தியோப்பியாவில் ஒரு காபிக்கு மூன்று சுற்று

அரபிகா காபிச் செடியின் தாய்வீடு தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகள்னு போன எபிசோட்ல பார்த்தோம். அந்த ஊர்க்காரங்க அதை எப்படிக் குடிக்கிறாங்க? இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

அம்ஹாரிக் மொழியில காபிக்குப் பேர் 'புன்னா'. 'புன்னா குடிக்க வாங்க'ன்னு பக்கத்து வீட்டுல கூப்பிட்டா, ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கிட்டுப் போகணும். ஏன்னா நீங்க போய் உட்காரும்போது காபி இன்னும் பச்சைக் கொட்டையாத்தான் இருக்கும்.

தரையில பச்சைப் புல் பரப்பி, பக்கத்துல சாம்பிராணி புகைய விட்டிருப்பாங்க. வீட்டுப் பெண் ஒருவர் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுப்பார். வறுபட்டதும் சட்டியோட எடுத்து வந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் காட்டுவார். அந்தப் புகையைக் கையால நம்ம பக்கம் இழுத்து முகர்ந்து பார்க்கணும், அதுதான் மரியாதை. அப்புறம் உரலில் இடித்து, 'ஜெபெனா'ங்கற மண் கூஜாவில் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. தூள் அடியில் படிஞ்சதும், பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து மெல்லிய தாரையா ஊத்துவாங்க, நடுவுல நிறுத்தாம. வித்தை காட்டறதுக்கு இல்லீங்க. கூஜாவை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்ச்சா மண்டி கலங்கிடும். சர்க்கரை போடுவாங்க. சில இடங்களில் உப்பு, வெண்ணெய்கூட உண்டு. கொறிக்கச் சோளப்பொரி, வறுத்த பார்லி.

முதல் சுற்று 'அபோல்', அடுத்தது 'தோனா', மூணாவது 'பரக்கா'. தூள் அதேதான், தண்ணி மட்டும் சேர்த்துச் சேர்த்துக் கொதிக்க வைப்பாங்க. அதனால மூணாவது ரொம்ப லேசா இருக்கும். ருசிதான் முக்கியம்னா முதல் கோப்பையோட எழுந்துடலாமே? அது அழகில்லை. பரக்கான்னா ஆசி. நம்ம முஸ்லிம் வீடுகளில் சொல்ற 'பரக்கத்' ஞாபகம் வருதா, அந்தச் சொல்தான். நீர்த்துப்போன கோப்பைக்குப் போய் ஆசின்னு பேர் வெச்சிருக்காங்க பாருங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் அது. அவ்வளவு நேரம் உட்கார்ந்தாத்தான் தெருச் செய்தி, பிள்ளைங்க படிப்பு, சண்டை, சமாதானம்னு எல்லாம் பேசி முடியும். 'கூட புன்னா குடிக்க ஆளில்லை'ன்னு ஒருத்தர் சொன்னா, மனசு விட்டுப் பேச யாருமில்லைன்னு அர்த்தம்.

ஆதியிலிருந்தே எல்லாருக்கும் பொதுவா இருந்த பழக்கம்னு நினைச்சுடாதீங்க. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இதை முஸ்லிம்களின் பானம்னு ரொம்ப காலம் ஒதுக்கியே வெச்சிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த விலக்கு தளர்ந்தது. பேரரசர் இரண்டாம் மெனலிக் தானே காபி குடித்தது அதற்கு ஒரு காரணம். இன்னைக்கு ரெண்டு மதத்தார் வீட்டிலும் ஜெபெனா உண்டு.

இன்னொண்ணையும் சொல்லணும். வறுக்கறது, இடிக்கறது, ஊத்தறது எல்லாம் பெண்கள் தலையில்தான். நமக்குச் சடங்காத் தெரியறது அவங்களுக்கு அன்றாட வேலை, சில வீடுகளில் நாளைக்கு மூணு தடவை. அதே சமயம் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒண்ணா உட்கார்ந்து பேசக் கிடைக்கிற நேரமும் அதுதான். இதுல எதையும் மறைச்சுட்டு இன்னொண்ணை மட்டும் சொல்றது சரியில்லை.

இப்போ அடிஸ் அபாபா தெருவோரங்களில் முக்காலி போட்டு ஜெபெனா காபி விக்கிறாங்க, பெரும்பாலும் பெண்கள். புல்லும் சாம்பிராணியும் அங்கேயும் உண்டு. ஆனா அங்க ஒரே கோப்பை குடிச்சு, காசைக் கொடுத்துட்டு எழுந்து போகலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.