பனிமேல் நீல ஏரிகள்: உருகிய தண்ணீர் எங்கே போகிறது?

உலக வரைபடத்தின் உச்சியில் வெள்ளை வெளேரென்று தெரியும் பெரிய தீவு கிரீன்லாந்து. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைப் பனிப்படலம் மூடியிருக்கிறது. பரப்பளவு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுப்பகுதியில் தடிப்பு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு பனியும் கடலில் கலந்தால் உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும்.

அது இன்று நாளை நடக்கப் போவதில்லை. முழுவதும் உருகிமுடிய பல நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் பனி உருகித்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்டியாகவே நகர்ந்து போய்க் கடலில் விழவும் முடியும். அந்த நகர்வு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

பனி நகருமா என்று சிலர் கேட்கலாம். நகரும். தட்டில் குவித்து ஊற்றிய இட்லி மாவு தானாகவே ஓரத்துக்குப் பரவுவதைப் போல, பனிப்படலமும் தன் எடையாலேயே நடுவிலிருந்து கரையை நோக்கி மெல்ல நகர்கிறது. அடியிலுள்ள பாறையோடு ஏற்படும் உராய்வுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஏரி பிறக்கும் விதம்

ஜூன் முதல் ஆகஸ்டு வரை கிரீன்லாந்தில் கோடைக்காலம். அப்போது பனியின் மேற்பரப்பு உருகுகிறது. அந்த நீர் சிற்றோடைகளாக ஓடிப் பள்ளமான இடங்களில் தேங்குகிறது. இவையே உருகுநீர் ஏரிகள். மேலே பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணியில் நீலப் பொட்டு வைத்ததுபோல் தெரியும்.

பார்க்க அழகுதான். ஆனால் வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நீல நீரோ அதை உறிஞ்சிக் கொள்ளும். அதனால் ஏரியின் அடித்தளம் இன்னும் வேகமாக உருகும்.

இந்த ஏரிகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தோன்றுகின்றன. பனி நகர்ந்தாலும் அடியிலுள்ள பாறையின் மேடு பள்ளம் மாறுவதில்லை. அந்த மேடு பள்ளமே மேற்பரப்பின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது.

ஒன்றரை மணி நேரத்தில் காணாமல் போன ஏரி

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம். மேற்குக் கிரீன்லாந்தில் சுமார் 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரி நிறைந்து நின்றது. அமெரிக்க ஆய்வாளர்கள் சாரா டாஸ், இயன் ஜோகின் குழுவினர் அங்கே கருவிகளைப் பொருத்தி வைத்திருந்தனர். பனியின் அசைவை அளக்க ஜி.பி.எஸ். கருவியும் இருந்தது.

ஜூலை 29ஆம் தேதி ஏரியின் அடியில் விரிசல் திறந்தது. சுமார் 4 கோடியே 40 லட்சம் கன மீட்டர் தண்ணீர் ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்து போனது. அந்த நேரத்தில் நயாகரா அருவியில் விழும் நீரைவிட அதிகமான நீர் அந்த விரிசலுக்குள் பாய்ந்தது. அங்கே பனியின் தடிப்பு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அத்தனை தடிப்பையும் பிளந்துகொண்டு தண்ணீர் பாறையைத் தொட்டது.

இது எப்படி முடிந்தது? தண்ணீர் பனியைவிடக் கனமானது. அதனால்தான் கோப்பையில் போட்ட ஐஸ் கட்டி மிதக்கிறது. விரிசலில் காற்று மட்டும் இருந்தால் சுற்றியுள்ள பனியின் அழுத்தம் அதை மூடிவிடும். தண்ணீர் நிறைந்திருந்தாலோ அதன் எடை விரிசலை ஆப்பு வைத்ததுபோல் அகலத் திறந்து கொண்டே போகும். பின்னர் அந்த வழி செங்குத்தான கிணறுபோல் நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்கு ‘மூலான்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘ஆலை’ என்பது பொருள்.

தண்ணீர் அடியில் புகுந்ததும் ஏரியை ஒட்டிய பனி 1.2 மீட்டர் மேலே தூக்கப்பட்டது, பக்கவாட்டில் 0.8 மீட்டர் நகர்ந்தது. பிறகு அந்த நீர் பரவிப் போனதும் பனி மீண்டும் இறங்கியது.

வழுக்கும் தரையா? வடியும் கால்வாயா?

ஈரத் தரையில் கால் வழுக்குவதைப் போலத்தான் இதுவும் என்று முதலில் கருதப்பட்டது. 2002ஆம் ஆண்டு நாசாவின் ஜே ஸ்வாலி குழு வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொன்னது. ‘சுவிஸ் முகாம்’ எனப்படும் ஆய்வு நிலையத்தில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடித்த பனிகூடக் குளிர்காலத்தைவிடக் கோடையில் வேகமாக நகர்வதை அவர்கள் கண்டனர். உருகும் நீர் கூடினால் பனி இன்னும் விரைவாகக் கடலுக்கு ஓடும் என்ற அச்சம் பிறந்தது.

ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயை நினைத்துப் பாருங்கள். குப்பை அடைத்திருக்கும்போது மழை பெய்தால் தண்ணீர் தெருவெங்கும் பரவும். வெள்ளம் குப்பையை அடித்துச் சென்ற பிறகு அதே மழை பெய்தாலும் நீர் சட்டென்று வடிந்துவிடும்.

பனிக்கு அடியிலும் இதுவே நடக்கிறது. கோடையின் தொடக்கத்தில் நீருக்குச் சரியான வழி இல்லை. அது பரவி, அழுத்தம் கூடி, பனியைத் தூக்குகிறது; பனி விரைகிறது. நாள் செல்லச் செல்ல ஓடும் நீர் பனியின் அடிப்பாகத்தைக் குடைந்து பெரிய கால்வாய்களை உண்டாக்குகிறது. நீர் அவற்றின் வழியே வடிந்துவிடுவதால் அழுத்தம் குறைந்து பனியின் வேகமும் தணிகிறது.

2015ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, தென்மேற்குக் கிரீன்லாந்தின் நிலப்பகுதி ஓரத்தில் உருகுநீர் கூடியபோதும் பனியின் ஆண்டு வேகம் சுமார் 12 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. ஆகவே ஏரி உடைந்தாலே பனி முழுவதும் சரிந்துவிடும் என்று சொல்வது தவறு.

அப்படியானால் கவலை இல்லையா?

இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவில் நிலத்துப் பனியாறுகள் கடலை அடையும் இடத்தில் மிதக்கும் பனித்தட்டுகள் உண்டு. கதவுக்கு முட்டுக் கொடுத்ததுபோல், அவை பின்னால் வரும் பனியாற்றைத் தடுத்து நிறுத்துகின்றன.

‘லார்சன் பி’ என்ற பனித்தட்டின்மேல் 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஈராயிரத்துக்கும் அதிகமான ஏரிகள் காணப்பட்டன. அவை வடிந்தன. அதையடுத்துச் சில வாரங்களில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பனித்தட்டு நொறுங்கிச் சிதறியது. சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்கு பரப்பு அது. மிதந்த பனி என்பதால் அது உடைந்ததில் கடல்மட்டம் உயரவில்லை. ஆனால் முட்டு போனதும் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகம் பிடித்தன. அவை கொண்டுவரும் பனி நிலத்துப் பனி. அது கடல்மட்டத்தை உயர்த்தும்.

கிரீன்லாந்திலும் நிலைமை மாறுகிறது. வெப்பம் கூடக்கூட ஏரிகள் கரையோரத்தைவிட்டு உயரமான உட்பகுதிகளிலும் தோன்றுவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அங்கே பனி அதிகத் தடிப்பானது. அதன் எடை அடிக்கால்வாய்களை எளிதில் நசுக்கிவிடும். கரையோரத்தில் வேகத்தைக் குறைத்த அதே ஏற்பாடு உட்பகுதியிலும் கைகொடுக்கும் என்று எண்ணிவிட முடியாது.

1992 முதல் 2018 வரை கிரீன்லாந்து இழந்த பனி மட்டுமே உலகக் கடல்மட்டத்தை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்த்தியிருக்கிறது. சிறிய அளவுதானே என்று தோன்றலாம். ஆனால் சிங்கப்பூரின் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்கும் குறைவு. கடலிலிருந்து நாட்டைக் காக்க வரும் 50 முதல் 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் கூறியது. தடுப்புச் சுவரை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்பது துருவப் பனி நகரும் வேகத்தைப் பொறுத்தது.

அந்த வேகத்தை அளப்பதும் எளிய வேலை அல்ல. சுவிஸ் முகாமை 1990ஆம் ஆண்டில் அமைத்து, முப்பது ஆண்டுகள் கிரீன்லாந்துப் பனியை அளந்து வந்தவர் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி கான்ராட் ஸ்டெஃபன். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே முகாமுக்கு அருகே பனிப்பிளவில் விழுந்து அவர் உயிரிழந்தார். அவரைப் போன்றவர்கள் கடுங்குளிரில் நின்று எடுத்துத் தந்த அளவுகளை வைத்துத்தான், கடலோரத்தில் வாழும் மக்கள் தங்கள் பிள்ளைகளின் காலத்துக்கு இன்று திட்டமிட முடிகிறது.