அங்கீட்டியும் அடைத்த அறையும்

தில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு முதல் இரண்டு குளிர்காலங்கள் பெரும் சோதனை. நம் ஊர் மார்கழிப் பனிக்கு ஒரு சால்வை போதும். இங்கே ஜனவரி இரவில் ரஜாயும் போதாமல், அக்கம்பக்கத்தாரைப் பார்த்து அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்து, ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

கரி முழுதாக எரிந்தால் வருவது கரியமில வாயு. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கித் தணலான பிறகும் வந்துகொண்டேயிருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும்.

ரயில்வேக்காரனான எனக்கு உதாரணமும் ரயிலில்தான் கிடைக்கிறது. 1944 மார்ச்சில் இத்தாலியில் பல்வானோ அருகே, நீராவி எஞ்சின் பூட்டிய ரயிலொன்று ஏற்றத்தில் இழுக்க முடியாமல் சுரங்கப்பாதைக்குள் நின்றுவிட்டது. மோதல் இல்லை, தடம் புரளவும் இல்லை. புகையிலிருந்த இந்த வாயுவால் 500 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனியில், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த குடும்பத்தில் மூவருக்கும் ஒரே காலையில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். முதல் நாள் சாம்பார்மேல் பழி விழுந்தது. எதிர்வீட்டு மாமிதான் அறை மூலையில் அங்கீட்டியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி 98 என்று காட்டியது. அங்கீட்டி விஷயத்தை மாமி சொன்னதும், டாக்டர் அந்த எண்ணை நம்பாமல் உடனே மூவருக்கும் முகமூடி மாட்டிப் பிராணவாயு கொடுத்தார். இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தத்தையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாதாம். வெறும் காற்றைச் சுவாசித்தால் இவ்வாயுவின் அளவு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முழுப் பிராணவாயு கொடுத்தால் ஏறக்குறைய 1 முதல் 1½ மணி நேரம் போதும். மூவரும் பிழைத்தார்கள்.

ஆகவே, வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தால் சந்தேகப்படுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். 112-ஐ அழையுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக அங்கீட்டியைச் சொல்லுங்கள். தலை தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஞாபக மறதி போன்ற கோளாறுகள் சில நாள், சில வாரம் கழித்தும் தோன்றலாம். கர்ப்பிணிகளானால் வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து அதிகம். காற்றுப்போக்கில்லாத குளியலறையில் மாட்டிய காஸ் கீசரும் இதே வேலையைச் செய்யும்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக ஆலோசனை தருகிறது. இலவசத் தொலைபேசி எண் 1800 116 117.

இன்னொரு வேண்டுகோள். நம் வாசல் சௌகிதாரும் தம் சின்னக் கூண்டை அடைத்துக்கொண்டு அங்கீட்டியோடுதான் இரவைக் கழிக்கிறார். தெரிந்த இந்தியில் அவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். கூடவே ஒரு கம்பளியும் கொடுங்கள்.